சுழியத்தினுள் ஓர் ஒழுங்கு



பத்தாம் ஆண்டு விழாவில் இயற்பியல் பேசப் பணித்தீர்கள். யாப்பறிந்த அவை என்பதால், மறைந்திருந்த ஓர் ஒழுங்கைக் கண்டறிந்த வரலாற்றைத் தேர்ந்துகொண்டேன்.

மாங்கனீசு ஆக்சைடு என்னும் படிகத்தில் ஒவ்வொரு மாங்கனீசு அயனியும் ஒரு நுண்காந்தம். ஆயினும் அனைத்தையும் கூட்டினால் கிடைப்பது சுழியம். காந்தங்கள் முறையின்றிச் சிதறிக் கிடந்தாலும் சுழியமே. பாதி ஒரு திசையிலும் பாதி எதிர்த்திசையிலும் அணிவகுத்து நின்றாலும் சுழியமே. இரண்டாம் நிலையும் இயல்வதே என்று 1930-களில் பிரெஞ்சு அறிஞர் லூயி நேல் கோட்பாடு வகுத்தார். மெய்ப்பிப்பது எங்ஙனம்?

எக்ஸ் கதிர் எலெக்ட்ரான்களின் பரவலைக் காட்டும். காந்தத்தின் திசையை எளிதில் காட்டாது. நியூட்ரானோ மின்னூட்டம் அற்றது; ஆனால் தானே ஒரு காந்தம். எனவே காந்தங்களாலும் அது சிதறடிக்கப்படுகிறது.

1949-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், அணு உலையிலிருந்து வந்த நியூட்ரான் கற்றையை ஷல், ஸ்மார்ட் இருவரும் இப்படிகத் தூளின்மீது செலுத்தினர். அறை வெப்பநிலையில் காணாத புதிய முகடுகள் 80 கெல்வினில் தோன்றின. முதல் முகடு சிறிய கோணத்தில் எழுந்தது. சிறிய கோணம் என்றால் பெரிய இடைவெளி. காந்த அமைப்பு மீண்டு வரும் நீளம், அணு அமைப்பினுடையதைப்போல் இரு மடங்கு! ஏறத்தாழ 120 கெல்வினுக்கு மேல் அந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது.

உங்களுக்கு இது புதிதன்று. நேர், நிரை, நேர், நிரை என்று வரும் அடியில் அசைகளை எண்ண மட்டும் தெரிந்தவனுக்கு ஓரசைக்கு ஒருமுறை ஒழுங்கு திரும்பும். நேர் எது, நிரை எது என்று உணரும் செவிக்கோ ஈரசைக்கு ஒருமுறைதான் திரும்பும். அத்தகைய செவிதான் நியூட்ரான்.

அச்செவியும் எல்லாவற்றையும் உடனே கேட்டுவிடவில்லை. காந்தங்கள் கனசதுர விளிம்பின் திசையில் நிற்கின்றன என்றே முதலில் கருதினர். அவை தத்தம் அணுத்தளத்திலேயே படிந்துள்ளன என்று 1958-இல் ரோத் திருத்தினார்.

நேலுக்கு 1970-இலும் ஷல்லுக்கு 1994-இலும் நோபல் பரிசு கிடைத்தது. ஷல்லுடன் தொடக்கம் முதல் உழைத்த எர்னஸ்ட் வொல்லன் 1984-இலேயே மறைந்துவிட்டார். அவர் பெயரையும் இந்த அவையில் சொல்லி அமைகிறேன்.