கற்ற இளைஞரும் தச்சுத் தொழிலும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கம்பெனி உத்தியோகம் இழந்து ஊர் திரும்பும் நம் பிள்ளைகளைக் குறித்துச் சில கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். என்பால் தமிழ் பயின்ற இளைஞரொருவர் சென்னையில் ஒரு கம்பெனியில் ஒன்பதாண்டு வேலை பார்த்தார். ஆட்குறைப்பில் அவரும் விலக்கப்பட்டார். மனைவியும் குழந்தையும் உடையவர். இப்பொழுது கைப்பொருளைக்கொண்டு சிறு தச்சுப் பட்டறை தொடங்க விரும்புகின்றார். வீட்டாரோ, "பட்டம் பெற்றவன் இழைப்புளி பிடிப்பதா? பெண் கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று வருந்துகின்றனர்.

இவ்வருத்தத்திற்கு விடை புறநானூற்றின் 206-ஆம் பாட்டில் உளது. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது, ஔவையார் அவன் வாயில் காவலனை நோக்கிப் பாடியது அது. கற்றார்க்கு எத்திசையிலும் உணவு உண்டென்று துணிந்து கூறிய அப்பெருமாட்டியார், அதற்கு உவமையாக எடுத்தது மழுவுடன் காடு புகும் தச்சன் மக்களையே. தம்மைத் தச்சன் மக்களோடு ஒப்பிடுதல் ஔவையார்க்கு இழிவாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் இழிவாவது எங்ஙனம்?

எனினும், அங்கே கூறப்பட்டவர் கைத்திறம் வாய்ந்த சிறுவர் என்பதை மறத்தலாகாது. மழுவை விலைக்கு வாங்கலாம். திறத்தை வாங்க இயலாது. ஆதலின், இயந்திரங்களில் பணத்தை முடக்குமுன், வழிவழி இத்தொழில் செய்யும் ஆசாரியார் ஒருவரை அடுத்து, அவரை ஆசிரியராகவே மதித்து, ஓராண்டேனும் பயிலுதல் வேண்டும். சுழலும் வட்ட ரம்பம் பட்டதாரியின் விரலென்றும் பாராது.

இரண்டாவது, மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பச்சைமரத்தின் ஈரம் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பதுக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்கும். நீளவாட்டில் சுருக்கம் மிகச் சிறிது, அகலவாட்டிலேயே பெரிது. அதிலும், ஆண்டு வளையத்தை ஒட்டிய சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்காம். ஈரமரத்தில் ஐப்பசியில் செய்து கொடுத்த மேசை சித்திரையில் மூட்டுவிட்டு நிற்பது இதனாலேயே. மேசை விரியுமாயின், செய்தவன் பெயரும் உடன் விரிசலுறும்.

மூன்றாவது, கணக்கு. 5 அடி நீளமும் 3 அடி அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள மேற்பலகைக்கு 1¼ கன அடி மரம் வேண்டும். கால்களுக்கும் சட்டங்களுக்கும் ஏறத்தாழ 1 கன அடி எனக் கொள்வோம். அறுப்பிலும் இழைப்பிலும் கழிவது சேர, 3 கன அடிக்கு விலை கொடுத்தாக வேண்டும். 2¼ கன அடிக்கு மட்டும் விலை போடுபவர் முக்கால் அடியைத் தம் கைப்பொருளிலிருந்து இழக்கின்றார். மரம், கூலி, வாடகை, மின்சாரம் ஆகியவற்றோடு தம் உழைப்புக்கும் கூலி வைத்து, அதன்மேல் இலாபம் வைத்தலே முறை.

முதலைப்பற்றி ஒரு சொல். கைப்பொருளில் ஓராண்டு வீட்டுச் செலவை முதலில் ஒதுக்கி, எஞ்சியதையே தொழிலில் இடுக. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. "பதிவு செய்து தருகிறேன்" என்று பணம் கேட்பாரிடம் ஏமாறற்க. அரசின் கடனுதவியும் மானியமும் யார்க்கு, எவ்வளவு என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறிக. கடன் வாங்கியே இயந்திரம் வாங்குவதாயின், அதற்கு வேலை கிடைக்குமா என்று முன்னரே ஆராய்க.

இறுதியாகப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் பிள்ளை கடை திறந்தால் மாலையிட்டு வாழ்த்துகின்றோம், மறுநாளே "நமக்குள் என்ன?" என்று விலையைக் குறைக்கின்றோம், பாக்கியை அறுவடைக்குத் தள்ளுகின்றோம். அந்நியர் கைவிட்டதால் மூடிய கடைகள் சில. உறவினர் கடன் சொல்லியதால் மூடியவை பல. அவ்விளைஞர்க்கு நாம் செய்யத்தக்க உதவி, இல்லத்துக்கு வேண்டிய ஒரு கதவையோ கட்டிலையோ அவரிடம் செய்வித்து, நியாய விலையை, சொன்ன நாளில், முழுமையாகக் கொடுத்தலே ஆகும். அவர் வீட்டாரின் கூச்சத்தை யான் கூறிய பழம்பாட்டினும் அப்பணமே விரைவில் போக்கும்.