பனிச்சறுக்குக்கு முன்னே உடலைப் பழக்குவோம்



ஆல்ப்ஸ் மலை நாடுகளிலும் ஜப்பானின் ஹொக்காய்டோ தீவிலும் டிசம்பர் மாதம் பிறந்தால் பனிச்சறுக்குக் காலம் களைகட்டிவிடும். பனியே பெய்யாத நம் நாட்டிலிருந்தும் பலர் விடுமுறைக்கு அங்கே சென்று சறுக்கிப் பார்க்கின்றனர். 2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில், ஜெப்ரி வெப் என்னும் வீரர் மலேசியாவின் சார்பில் பனிச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்டார். ஆகவே, இவ்விளையாட்டு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

பயணம் என்றதும் நாம் கம்பளி உடை வாங்குகிறோம், கையுறை வாங்குகிறோம். ஆனால், நம்மைச் சுமக்கப் போகும் கால்களை மறந்துவிடுகிறோம். பனிச்சறுக்கில் மிகுதியாகக் காயம் அடைவது முழங்கால்தான். மூட்டின் உள்ளே இருக்கும் முன் குறுக்குத் தசைநார் அறுந்துவிட்டால், அறுவை செய்துகொண்டவர் மீண்டும் விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமோ ஓராண்டோ ஆகும்.

சறுக்குவது எளிதுபோலத் தோன்றுகிறதே, கால்களுக்கு அப்படி என்ன வேலை என்று கேட்கலாம். பத்துமலையின் 272 படிகளை நினைத்துப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஆனால், மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதனால்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசை இவ்வாறு உழைத்தால், அதன் நுண்ணிய இழைகள் சேதமுற்று, இரண்டொரு நாள் வலி எடுக்கும். பனிச்சரிவில் முழங்காலை மடக்கியபடியே இறங்கும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் தசைக்கு இதே வேலைதான். தசை களைத்தால் பிடி தளர்கிறது. பிடி தளர்ந்தால் விழுகிறோம்.

எனவே, பயணத்திற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பயிற்சியைத் தொடங்குவது நல்லது. வாரத்தில் மூன்று நாள் போதும். இடையிடையே ஓய்வும் வேண்டும்.

முதலாவது, நாமெல்லாரும் அறிந்த தோப்புக்கரணம். நான்கு எண்ணும் வரை மெதுவாக இறங்கி, இரண்டு எண்ணுவதற்குள் எழ வேண்டும். மெதுவாக இறங்குவதிலேதான் பயன் இருக்கிறது. முழங்கால்கள் உட்புறமாகச் சாயலாகாது. பத்து முறையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம்.

இரண்டாவது, சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்ததுபோல் அரை நிமிடம் நிற்பது.

மூன்றாவது, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை உயர்த்துவது. இது தொடையின் பின்தசையை வலுவாக்கும். கீழ்க்கால் எலும்பு முன்னே இழுபடாமல் தடுத்து, முன்பு சொன்ன தசைநாருக்குத் துணை நிற்பது இத்தசையே.

நான்காவது, ஒற்றைக் காலில் அரை நிமிடம் நின்று சமநிலை பழகுவது.

இவற்றோடு விரைவு நடை, நீச்சல், மிதிவண்டி ஆகியவற்றில் ஒன்றை அரை மணி நேரம் செய்தால் மூச்சும் வலுப்படும். ஆல்ப்ஸில் பல சரிவுகள் 2,000 மீட்டருக்கும் மேலே உள்ளன; அங்கே காற்று மெலிந்திருக்கும். இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விழும்போது காலணியைச் சறுக்குக் கட்டையிலிருந்து விடுவிக்கும் பூட்டை, நம் எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றைக் கேட்டே கடைக்காரர் பொருத்துவார். அங்கே கற்றுக்குட்டி தன்னைக் கைதேர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டால், பூட்டு இறுகிவிடும். விழும்போது கழன்று கொடுக்காது. வீண் பெருமைக்கு விலை முழங்கால்!

முதல் நாள் அரைப்பொழுதோடு நிறுத்துவோம். கால் நடுங்கத் தொடங்கினால், "இன்னும் ஒரே ஒரு முறை" என்ற ஆசையை அடக்குவோம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். பனிச்சறுக்குக்குப் போகாதவர்களுக்கும் இப்பயிற்சிகள் வீண்போகா. முதுமையில் படி இறங்க உதவப்போவதும் இதே தொடைத் தசைதான்.