பாயும் பத்திரமும்



1986 ஆகஸ்ட் 11. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் தத்தளித்துக்கொண்டிருந்தன. உள்ளே 155 ஈழத்தமிழர்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டார், காப்பாற்றினார். சில நாட்களில் அவர்கள் கையில், தங்கவும் வேலை செய்யவும் ஓராண்டு அனுமதி இருந்தது. ஜெர்மனியிலிருந்து கப்பலேறியதை முதலில் மறைத்தார்கள். அது தெரிந்த பிறகும் அனுமதி பறிபோகவில்லை.

மான்ட்ரியலிலும் டொராண்டோவிலும் மற்றதைச் சொந்தபந்தம் பார்த்துக்கொண்டது. முன்னே போன ஊர்க்காரர் தன் பேஸ்மென்டில் பாய் விரித்தார். உணவகத்தில் கோப்பை கழுவும் வேலைக்குச் சொல்லிவிட்டவரும் அவரே. சீட்டுப் பிடித்துப் பயணக் கடனை அடைத்தார்கள். ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் எழுந்தன. ஐந்து வயதில் அங்கே போன ராதிகா சிற்சபைஈசன் 2011-இல் ஸ்கார்பரோவிலிருந்து நாடாளுமன்றத்துக்கே போனார்.

இதைச் சொந்தங்களின் சாதனை என்றே பேசிப் பழகிவிட்டோம். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. சொந்தம் இங்கே, தமிழ்நாட்டில் குறைவா? மொழி ஒன்று, சோறு ஒன்று, கும்பிடும் சாமி ஒன்று. 1983-இல் இலங்கையில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது இந்த மாநிலமே அவர்களுக்காகத் தெருவில் இறங்கி அழுதது. ஆனாலும் அப்போது மண்டபம் கடற்கரையில் வந்திறங்கியவரின் பேரப்பிள்ளை இன்னும் அகதி முகாமில்தான் இருக்கிறது.

பாய் நாம் கொடுத்தோம்; பத்திரம் கொடுக்க ஆளில்லை. கனடாவில் அகதியின் வழக்கை நேரில் கேட்டே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்தே இடவில்லை. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அதனால்தான் பொறியியல் படித்த முகாம் பையன் பெயின்ட் வாளி தூக்குகிறான். 2021-இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது, புது வீடுகளும் கட்டித் தருகிறது, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது.

இந்த அரங்கில் கம்பெனி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். அகதி அட்டையோடு வரும் பட்டதாரியை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். மற்றவர்கள் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு, இவர்களுக்குக் குடியுரிமை கேட்டு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள்.