நிறுவனர் விலகும்போது எஞ்சுவது எது? – திறமூல மென்பொருள் தரும் பாடம்



மொழிக்கான சொற்பொழிவு வரிசையில் மென்பொருள் நிறுவனங்களைப் பற்றிய பேச்சுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் இன்று தமிழ் கற்கவும் கற்பிக்கவும் பயன்படுத்தும் கருவிகளுள் பல மென்பொருள்களே. எழுத்துரு, விசைப்பலகை, அகராதி, பயிற்சித் தளம் ஆகிய ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தொடங்கியிருக்கிறார். தொடங்கியவர் ஒருநாள் விலகுவார். அப்பொழுது நம் கையில் எஞ்சுவது எது? இந்த ஒரு கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறோம். இதற்கு விடை தேட மிகத் தகுந்த இடம் திறமூல மென்பொருள் உலகம். அங்கே நிறுவனர்கள் விலகியிருக்கிறார்கள். விலகியபின் நிகழ்ந்தவை அனைவரும் காணும்படி வெளிப்படையாகவே நிகழ்ந்திருக்கின்றன.

மூலமும் உரிமமும்

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நிரலர் எழுதும் வரிகளை மூல நிரல் என்கிறோம். கணினியில் நாம் நிறுவி இயக்குவது பெரும்பாலும் அதிலிருந்து உருவாக்கப்பட்ட வடிவம். மூலத்தை மறைத்து, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்பது ஒரு முறை. மூலத்தையே திறந்து கொடுத்து, படிக்கவும் படியெடுக்கவும் மாற்றவும் மாற்றியதைப் பிறர்க்குத் தரவும் உரிமை வழங்குவது மற்றொரு முறை. பின்னதே திறமூலம்.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய கருத்தன்று. மூலமும் உரையும் என்று நூல்களைப் பதிப்பித்த மரபு நம்முடையது. மூலம் கைக்கு எட்டினால் புதிய உரை எழுதலாம். பழைய உரையைத் திருத்தலாம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்குத் துணைநின்றவை, பல ஊர்களில் பலர் வீடுகளில் இருந்த சுவடிகள். ஒரே வீட்டில் ஒரே படி மட்டும் இருந்து அதுவும் செல்லரித்திருந்தால் ஒப்புநோக்க எதுவும் இருந்திராது. படிகள் பல கைகளில் இருந்தமையே நூலைக் காத்தது.

மென்பொருளில் இந்தக் காப்பைச் சட்டத்தின் மொழியில் எழுதி வைத்தவர் ரிச்சர்டு ஸ்டால்மன். 1989இல் அவர் வெளியிட்ட குனூ பொது உரிமம், காப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே பகிர்வதற்கான உரிமையைக் காத்தது. மூலத்தைப் பெற்றவர் அதனை மாற்றிப் பிறர்க்கு வழங்கும்போது, தாம் பெற்ற அதே உரிமையை அவர்களுக்கும் வழங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1998இல்தான் திறமூலம் என்பதற்கு ஈடான ஆங்கிலப் பெயர் வழக்கிற்கு வந்தது.

எவரும் படியெடுக்கத்தக்க பொருளை வைத்து நிறுவனம் நடத்த இயலுமா? இயலும். பராமரிப்பையும் ஆலோசனையையும் விற்கலாம். மூலத்தைத் திறக்க விரும்பாத வணிகர்க்குத் தனி உரிமம் விற்கலாம். இத்தகைய நிறுவனத்தில் நிறுவனரிடம் நான்கு பொருள்கள் உள்ளன: இருக்கை, உடைமை, பெயர், மூலம். விலகல் என்னும் ஒற்றைச் சொல்லால் நாம் குறிப்பது இவற்றுள் எதனை என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

இருக்கையை மட்டும் விட்டவர்

தென்னாப்பிரிக்காவில் பிறந்த மார்க் ஷட்டில்வர்த், தாம் தொடங்கிய தாட் என்னும் இணையப் பாதுகாப்பு நிறுவனத்தை 1999இல் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 2002இல் ரஷ்யாவின் சோயூஸ் விண்கலத்தில் விண்வெளிக்குச் சென்று திரும்பினார். 2004இல் கெனோனிக்கல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த அதன் இயங்குதளத்திற்கு உபுண்டு என்று பெயரிட்டார். உபுண்டு என்பது தென்னாப்பிரிக்க மொழிகளில் மனிதர்க்கு மனிதர் காட்டும் மனிதநேயத்தைக் குறிக்கும் சொல்.

2009 டிசம்பரில் அவர் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். 2004 முதலே நிறுவனத்தில் பணியாற்றிவந்த ஜேன் சில்பர் 2010 மார்ச் மாதம் அப்பொறுப்பை ஏற்றார். அடுத்த மாதமே உபுண்டுவின் 10.04 பதிப்பு வெளிவந்தது. அந்த எண்ணை உற்று நோக்குங்கள். 10 என்பது ஆண்டு. 04 என்பது மாதம். ஆறு மாதத்திற்கு ஒரு பதிப்பு என்னும் ஒழுங்கை நிறுவனர் தொடக்கத்திலேயே வகுத்து, அதனைப் பதிப்பின் பெயரிலேயே பொறித்துவிட்டார். அடுத்த பதிப்பு எப்பொழுது என்று எவரும் அவரைக் கேட்கவேண்டிய தேவை இல்லை. நல்ல ஒழுங்கு ஒன்று, அதனை வகுத்தவர் அருகில் இல்லாதபோதும் பணியை நடத்தும் என்பதற்கு இது சான்று.

ஆனால் ஷட்டில்வர்த் விட்டது இருக்கையை மட்டுமே. உடைமை அவரிடமே இருந்தது. பொருள் வடிவமைப்பில் கருத்தூன்றப் போவதாகவே அவர் அறிவித்திருந்தார். 2011இல் யூனிட்டி என்னும் புதிய திரைத்தோற்றம் உபுண்டுவின் இயல்பான தோற்றமாக்கப்பட்டபோதும், பின்னர்க் கைப்பேசிக்கான உபுண்டு உருவானபோதும் அவருடைய எண்ணமே முன்நின்றது. 2017 ஏப்ரலில் அவ்விரு முயற்சிகளும் கைவிடப்பட்டன. அவ்வாண்டே சில்பர் விலக, ஷட்டில்வர்த் மீண்டும் இருக்கைக்குத் திரும்பினார்.

இதனைக் குறையாகச் சொல்லவில்லை. தம் பொருளைச் செலவிட்டு வளர்த்தவர் அதனை விட்டகலாமல் இருப்பது இயல்பே. நாம் கருதவேண்டியது வேறொன்று. கைப்பேசி உபுண்டுவை நிறுவனம் கைவிட்டபோது, யூபிபோர்ட்ஸ் என்னும் தன்னார்வலர் குழு அதன் மூலத்தை எடுத்துத் தொடர்ந்தது. கைவிடுவதற்கு உரிமை நிறுவனர்க்கு இருந்தது. தொடர்வதற்கு உரிமை மற்றவர்க்கும் இருந்தது.

தமிழ் தொடர்பான குறிப்பு ஒன்றையும் இங்கே சொல்லலாம். உபுண்டுவைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பெயர்த்தவர்கள் தன்னார்வலர்கள். அதற்கு லாஞ்ச்பேட் என்னும் கெனோனிக்கலின் தளம் பயன்பட்டது. திறமூலப் பொருளுக்காக உழைத்த அவர்கள் பயன்படுத்திய அந்தத் தளத்தின் மூலமோ 2009 ஜூலை வரை திறக்கப்படாமலே இருந்தது. பொருள் திறந்திருப்பதும் அதனை ஆக்கும் பட்டறை திறந்திருப்பதும் வெவ்வேறு என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

பெயரை இழந்து மூலத்தோடு சென்றவர்

இரண்டாம் வரலாறு இன்னும் கூர்மையானது. மைக்கேல் விடேனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் ஆகிய மூவர் 1995இல் சுவீடனில் மை எஸ்.கியூ.எல். நிறுவனத்தைத் தொடங்கினர். இணையத்தளங்களின் தகவல்களை அடுக்கிவைத்து, வேண்டும்போது எடுத்துத் தரும் தரவுத்தள மென்பொருள் அவர்களுடையது. 2000ஆம் ஆண்டு முதல் அது குனூ பொது உரிமத்தில் வழங்கப்பட்டது. மூலத்தைத் திறக்க விரும்பாதவர்க்கு வணிக உரிமமும் விற்கப்பட்டது. நிரலின் காப்புரிமை நிறுவனத்திடம் இருந்தமையால் இவ்விரட்டை முறை இயன்றது.

2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஏறத்தாழ 1 பில்லியன் அமெரிக்க டாலருக்கு நிறுவனத்தை வாங்கியது. 2009 பிப்ரவரியில் விடேனியஸ் சன்னை விட்டு விலகினார். இரண்டு மாதங்களில், சன்னையே வாங்கப் போவதாக ஆரக்கிள் அறிவித்தது. ஆரக்கிள் பெருந்தரவுத்தளங்களை விற்று வளர்ந்த நிறுவனம், மை எஸ்.கியூ.எல். அதற்கு ஒரு வகையில் போட்டிப்பொருள். ஐரோப்பிய ஆணையம் இதனை ஆழமாக ஆராய்ந்தது. விடேனியஸ் எதிர்ப்பியக்கம் நடத்தினார். விற்றவரே பின்னர்க் காக்கக் கோருவது முறையா என்று அப்பொழுதே வினவியோரும் உண்டு. 2010 ஜனவரியில் ஆணையம் இசைவளித்தது.

ஆனால் விடேனியஸ் இசைவையோ மறுப்பையோ எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. உரிமம் எவர்க்கும் தந்த உரிமையைத் தாமும் பயன்படுத்தினார். மூலத்தைப் படியெடுத்து, முன்னர்த் தம்மோடு பணியாற்றிய பொறியாளர் சிலருடன் புதிய கிளையைத் தொடங்கினார். பழைய பெயர் மூத்த மகளின் பெயரால் அமைந்தது. அது விற்பனையோடு போய்விட்டது. ஆகவே புதிய கிளைக்கு இளைய மகளின் பெயரால் மரியா டி.பி. என்று பெயரிட்டார். காப்புரிமை தம்மிடம் இல்லாமையால் பழையபடி வணிக உரிமம் விற்கவும் அவரால் இயலவில்லை. நிறுவனர் என்னும் தகுதி அவருக்கு எந்தச் சலுகையையும் தரவில்லை. நம்முள் ஒரு மாணவருக்கு இருந்த அதே உரிமைதான் அவருக்கும் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

2013இல் விக்கிப்பீடியா தன் தரவுத்தளங்களை மரியா டி.பி.க்கு மாற்றியது. நம் மாணவர் ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறக்கும்போது, அந்தப் பக்கத்தை எடுத்துத் தருவது ஒரு நிறுவனர் விலகியபின் பிறந்த அந்தக் கிளையே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மூலம் திறந்திருந்தது மட்டும் இக்கிளையைக் காக்கவில்லை. அதனைப் படிக்கவும் திருத்தவும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சுவடி இருந்தும் படிப்பார் இல்லையேல் அது வெறும் ஓலையே.

அதிகாரத்தைப் பகிர்ந்தவர்

மூன்றாவது எடுத்துக்காட்டு நிறுவனம் அன்று. எனினும் இப்பொருளுக்கு மிக நெருங்கியது. மாணவர் பலர் முதன்முதலில் கற்கும் பைத்தான் நிரல்மொழியை உருவாக்கியவர் கீடோ வான் ரோசம். அதன் முதல் வெளியீடு 1991இல் வந்தது. வாழ்நாள் முழுமைக்கும் நல்லெண்ணச் சர்வாதிகாரி என்று அவரை வேடிக்கையாக அழைப்பர். 2018 ஜூலையில், கடும் விவாதத்திற்குப் பின் ஒரு மாற்றத்தை ஏற்றுக்கொண்ட அவர், அந்தத் தலைமையிலிருந்து விலகினார். தமக்குப் பின் இன்னார் என்று அவர் ஒருவரையும் நியமிக்கவில்லை. எவ்வாறு ஆள்வது என்பதை நிரலர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டார்.

அவர்கள் பல முறைகளை எழுதிவைத்து விவாதித்து, அவ்வாண்டு டிசம்பரில் வாக்களித்து, ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழு ஆளும் முறையைத் தேர்ந்தெடுத்தனர். ஒரே நிறுவனத்தில் பணியாற்றுவோர் அக்குழுவில் இருவருக்கு மேல் இருத்தல் ஆகாது என்றும் விதி வகுத்தனர். 2019இல் அமைந்த முதற்குழுவில் கீடோவும் ஐவருள் ஒருவராக அமர்ந்தார். தலைமை இருக்கையில் தனித்திருந்தவர் ஐந்தில் ஒரு குரலாக இருக்க இசைந்தது, விலகலினும் அரிய செயல்.

நம் வகுப்பறைக்கு

இம்மூன்றிலிருந்தும் நாம் பெறுவது என்ன? நிறுவனரின் நற்பண்பை நம்பியிருப்பது பாதுகாப்பு ஆகாது. அவர் நல்லவராகவே இருந்தாலும் நோயுறலாம், களைப்புறலாம், விற்றுவிடலாம், ஓய்வு பெறலாம். அவர் இருக்கும்போதே எழுதிவைத்த உரிமமும் ஒழுங்கும் பயிற்றுவித்த ஆட்களுமே எஞ்சுவன.

ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் பத்தாண்டுகள் உழைத்து ஒரு சொற்பட்டியலும் பயிற்சித்தாள்களும் ஒலிப்பதிவுகளும் உருவாக்கியிருக்கிறார் என்று கொள்வோம். அவர் ஓய்வு பெறும் நாளில் நாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும். உண்மையில் இன்றே கேட்டுவிட வேண்டும்.

முதலாவது, மூலக் கோப்புகள் எங்கே? அச்சிடுவதற்கான வடிவம் மட்டும் இருந்தால் அடுத்தவரால் திருத்த இயலாது. இரண்டாவது, உரிமம் எழுதப்பட்டுள்ளதா? ஆசிரியர் வாய்மொழியாகக் கொடுத்த இசைவு அவர் போனபின் சான்றாகாது. பாடப்பொருள்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் உள்ளன. பணியளிப்பவர்க்கும் உரிமை இருக்கக்கூடும் என்பதால் அவருடைய இசைவையும் எழுத்தில் பெறுதல் நலம். மூன்றாவது, பெயரும் கடவுச்சொல்லும் யாரிடம்? எழுத்துருக்களுக்கான திறந்த உரிமம் ஒன்றில், உருவாக்கியவர் விரும்பினால் பெயரைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். எழுத்துருவை மாற்றுவோர் அப்பொழுது வேறு பெயர் சூட்ட வேண்டும். மூலம் பொதுவாயினும் பெயர் பொதுவாகாது என்பதை மரியா டி.பி.யும் காட்டியது. நான்காவது, இரண்டாமவர் யார்? ஒருவருக்கு மட்டுமே தெரிந்த பணி, அவர் விடுப்பில் செல்லும் நாளிலேயே நின்றுவிடும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். திறமூலத்தில் சேர நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு பிழையைக் கண்டு திருத்தம் அனுப்புவதும் பங்களிப்பே. ஒரு கருவியின் தமிழ் வடிவத்தைப் படிக்கத் தெரிந்தவர் பெருகும்போதுதான், அதனைத் தொடங்கியவர் விலகினாலும் அது நிலைக்கும்.

ஊருணியை வெட்டியவரை ஊர் நன்றியோடு நினைக்கும். எனினும், தூர் வாரும் முறையை ஊரார்க்குக் கற்பித்துச் சென்றவரே அந்த நீரைக் காத்தவர். நம் தமிழ்க் கருவிகளைத் தொடங்கியோரைப் போற்றுவோம்; அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவற்றைத் தொடரும் வழியையும் கேட்டறிந்து எழுதிவைப்போம்.