மதிலும் பக்கத்து வீடும்
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெயிலையும் வெள்ளத்தையும் பற்றிப் பேசுங்கள், ஆனால் பயமுறுத்தாதீர்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

உலகம் கெட்டுப்போனால் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்று கற்பனை செய்யும் நாவல்கள் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1993-ல் 'பேரபிள் ஆஃப் த சோவர்' என்ற நாவலை எழுதினார். கதை தொடங்கும் ஆண்டு 2024. கலிபோர்னியாவில் மழை பொய்த்துவிட்டது. பெட்ரோலைவிடத் தண்ணீர் விலை அதிகம். லாரன் என்ற பெண்ணின் குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் தெருவைச் சுற்றி மதில் எழுப்பி, கேட்டைப் பூட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். கிட்டத்தட்ட நம்மைப் போலத்தான். ஒருநாள் அந்த மதில் விழுகிறது. தப்பிய லாரன் வடக்கு நோக்கி நடக்கிறாள். வழியில் முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்துக்கொள்கிறாள். இருப்பதைப் பகிர்ந்து, இரவில் முறைவைத்துக் காவல் காத்து, அவர்கள் கரை சேர்கிறார்கள்.

தமிழில் பெருமாள்முருகனின் 'பூனாச்சி' 2016-ல் வந்தது. மழையில்லாத மேட்டுக்காடு. ஆட்டுக்குட்டி பிறந்தால்கூட அதிகாரிகளிடம் காட்டிக் காது குத்திப் பதிய வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். எனக்குப் பட்டது இதுதான்: ஊர் கூடிப் பேச முடியாத இடத்தில் பஞ்சம் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகப் பிடிக்கிறது.

இதெல்லாம் கதை என்று விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் பார்த்தோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போயிருந்தன. ரயிலில் சுமார் 800 பேர், சுற்றிலும் வெள்ளம். அவர்களுக்குச் சோறு போட்டது யார்? பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள். தங்கள் ஊரையே வெள்ளம் சூழ்ந்திருந்தபோது, வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள்.

அவர்களிடம் மதிலும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. யார் வீட்டில் அரிசி இருக்கிறது, யாரிடம் பெரிய பாத்திரம் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

இப்போது நம் குடியிருப்புக்கு வாருங்கள். கேமரா வைக்க ஒரே கூட்டத்தில் சம்மதித்தோம். நல்லதுதான். ஆனால் மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, லிஃப்ட் ஓடாது. மேல்தொட்டித் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பெரியவருக்கு ஒரு குடம் தண்ணீரை யார் ஏற்றிக் கொடுப்பது? ஃப்ரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர்கள் யார் யார்? உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை பிறப்பதற்குள், மாடிக்கு ஒரு நோட்டுப் போடுவோம். தனியாக இருப்பவர்கள், அவர்கள் சாப்பிடும் மருந்து, வெளியூர்ப் பிள்ளைகளின் போன் நம்பர், யார் வீட்டில் பெரிய அடுப்பு என்று எழுதிவைப்போம். தொட்டித் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதையும் இப்போதே பேசி முடிப்போம். தாகம் வந்த பிறகு பேசினால் அது சண்டையாகிவிடும்.

இன்று வீட்டுக்குப் போகும்போது, இதுவரை பேசாத ஒரு கதவைத் தட்டிப் பெயரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.