அச்சகத்தின் பெயர் எங்கே?

இணைய வடிவமைப்புக் கருவிகளும் பிறர் படைப்பும்: பசுமலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு



மதுரையில் சுவரொட்டி கண்ணில் படாமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. காதணி விழாவோ கண்ணீர் அஞ்சலியோ கட்சி மாநாடோ, எதுவானாலும் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் அச்சகத்தின் பெயர் இருக்கும். அது விளம்பரத்துக்கு மட்டும் வந்ததல்ல. அச்சிட்டவர் பெயரையும் அச்சான ஊரையும் தெளிவாகப் போட வேண்டும் என்று 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம் கட்டளையிட்டது. எழுத்தாளர்மேல் இருந்த அக்கறையால் வெள்ளைக்காரன் அதைக் கொண்டுவரவில்லை. வில்லங்கம் வந்தால் யாரைப் பிடிப்பது என்று போலீசுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அதனால் ஒரு நல்ல பழக்கம் வந்தது. "வாடிக்கையாளர் கொடுத்தார், நான் அடித்தேன்" என்று கையை உதறிவிட்டுப் போக அச்சகத்தாரால் முடியவில்லை. அந்தப் பழக்கத்தின் தடம் இந்தப் பசுமலையிலும் உண்டு. 1845இல் அமெரிக்கன் மதுரை மிஷனின் செமினரி திருமங்கலத்திலிருந்து இந்த மலையடிவாரத்துக்கு வந்தது. பிறகு இங்கே அச்சகமும் வந்தது. "லெனாக்ஸ் அச்சகம், பசுமலை" என்ற வரியைப் பழைய புத்தகங்களில் இன்றும் பார்க்கலாம். 1867ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பருவ இதழ்களுக்கு மட்டுமே; புத்தகத்தை அது தொடவில்லை.

இன்று கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் பேனர், பனியன், கடையின் பெயர்ப்பலகை எல்லாமே உலாவியில் திறக்கும் ஒரு வடிவமைப்புக் கருவியில் முடிந்துவிடுகின்றன. எழுத்துரு, படம், டெம்ப்ளேட் மூன்றையும் அந்தக் கருவியே தருகிறது. கடைசியில் அச்சுக்குப் போகும் பி.டி.எஃப். கோப்பையும் அதுவே செய்து தருகிறது. பழைய அச்சகம் செய்த வேலை அத்தனையும் அதற்குள் அடக்கம். ஆனால் யாரும் படிக்காத பயன்பாட்டு நிபந்தனைகளில் ஒரு வரி இருக்கும்: எல்லாப் பொறுப்பும் பயனாளருடையதே. நான் வழக்கறிஞர் அல்லன், கருவி கட்டுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவன். அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன், அந்த வரி பாதிதான் உண்மை. பயனாளர் தானே கொண்டுவந்து ஏற்றுவதற்கு அது பொருந்தும். கருவி தன் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதற்குப் பொருந்தாது.

சட்டமும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. சூப்பர் கேசட்ஸ் நிறுவனம் மைஸ்பேஸ்மீது தொடுத்த வழக்கில் டில்லி உயர் நீதிமன்ற அமர்வு 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தளத்தில் திருட்டுச் சரக்கும் வரக்கூடும் என்று பொதுவாகத் தெரிந்திருப்பது போதாது, இன்ன படைப்பு என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தெரியவந்த பிறகு சும்மா இருக்கக் கூடாது. முறையான புகார் வந்தால், 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மறுபடி திறக்கலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவின்படி, நடுவில் நிற்பவருக்கு உரியது. உள்ளடக்கத்தைத் தானே தேர்ந்து கொடுப்பவருக்கு அல்ல. 2018இல் லூபுட்டின் காலணி வழக்கில் அதே நீதிமன்றம், வியாபாரத்தில் முனைந்து பங்கெடுக்கும் தளம் நடுவில் நிற்பவர் வேடம் போட முடியாது என்றது. "தென்னிந்தியத் திருமணம்" என்று தலைப்பிட்டு டெம்ப்ளேட்டுகளைப் பொறுக்கி அடுக்கியவர் எந்த வகை என்று நீங்களே சொல்லுங்கள்.

முதல் அலமாரி எழுத்துரு. இந்த விஷயத்தில் நமக்கு வெட்கமே இருந்ததில்லை. டி.டி.பி. காலத்தில் ஒரே குறுந்தகட்டில் நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்கள் கடைக்குக் கடை கைமாறின. வரைந்தவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. எழுத்தின் வடிவத்தைக் கலைப்படைப்பாகப் பதிய முடியாது என்று 2002இல் பதிப்புரிமை வாரியம் சொன்னது உண்மைதான். ஆனால் நாம் நகலெடுப்பது வெறும் வடிவத்தை அல்ல, எழுத்துருக் கோப்பை. அது மென்பொருள், உரிமத்தோடு வருவது. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஓ.எஸ்./2 என்ற அட்டவணையில் எஃப்.எஸ்.டைப் என்று ஓர் எண் இருக்கும். இந்த எழுத்துருவை ஆவணத்துக்குள் பதிக்கலாமா, பார்க்கவும் அச்சிடவும் மட்டுமா, திருத்தவும் விடலாமா என்பதை அந்த எண் சொல்லிவிடும். பயனாளர் எழுத்துருவை ஏற்றும்போதே கருவி இதைப் படித்துவிடலாம். சில வரி நிரல் வேலை. செய்யாமல், "உரிமை எனக்கு உண்டு" என்று ஒரு பெட்டியில் டிக் வாங்கிக்கொள்வது சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம். இன்னொன்று, ஒரு கணினியில் பயன்படுத்த வாங்கிய உரிமம், சர்வரில் வைத்து ஊருக்கெல்லாம் வழங்கப் பொதுவாக இடம் தராது. கையைச் சுடும் இடம் இது.

நம் ஊர்ப் பெயரிலேயே அரிமா மதுரை என்று ஓர் எழுத்துரு உண்டு. நடானியேல் காமா, ஜோவானா கொரேயா ஆகியோர் உருவாக்கியது, எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளிவந்தது. கருவியில் சேர்க்கலாம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது, கோப்பைப் பகிர்ந்தால் உரிமக் குறிப்பும் கூடவே போக வேண்டும். இலவசத்துக்கும் நிபந்தனை உண்டு.

அடுத்த அலமாரியில் படங்கள். கல்கி 1954இல் காலமானார்; பொன்னியின் செல்வன் உரை இன்று யாரும் பதிப்பிக்கக்கூடியது. அதனால் வந்தியத்தேவன் படமும் பொதுச் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். தொடருக்கு ஓவியம் தீட்டிய மணியம் மறைந்தது 1968இல். நம் சட்டத்தில் படைப்பாளி மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை இருக்கும். ஆக, அந்தக் கோடுகளுக்கு 2028 முடியும்வரை உயிர் உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு 1976இல் மறைந்தார். அவர் தீட்டிய காலண்டர் சாமிகளுக்கு 2036 வரை. "முருகன் படம், இலவசம், பின்னணி நீக்கியது" என்று ஏற்றி வைத்திருக்கும் எத்தனை கருவிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கும்? சாமி எல்லாருக்கும் பொது. ஓவியர் கொடுத்த முகம் அப்படி அல்ல.

இனி, சுங்குடி. மதுரையில் நின்றுகொண்டு இதைப் பேசாமல் போக முடியாது. நூல் சேலையில் கையால் முடிச்சு முடிச்சாகக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சைப் பிரித்தால் புள்ளிகள் மலரும். சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை. ஒரு புள்ளியைப்போல் இன்னொன்று இராது. விளிம்பில் சாயம் கொஞ்சம் கசிந்திருக்கும். மதுரை சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்போது கடைவீதியில் அந்தப் பெயரில் தொங்குவதில் பெரும்பகுதி அச்சடித்தது என்பதும் நமக்குத் தெரிந்ததே.

வடிவமைப்புக் கருவியில் இது என்ன ஆகிறது? ஒரே புள்ளியைச் சதுரத்தில் அடைத்து, நான்கு பக்கமும் பொருந்தும்படி செய்து, "மதுரை சுங்குடி பேட்டர்ன்" என்று பெயரிட்டு ஏற்றுகிறார்கள். புவிசார் குறியீடு காப்பது பெயரை. புள்ளியை அல்ல. தலைமுறைகளாக இருக்கும் புள்ளி அமைப்புக்குப் பதிப்புரிமை கோரவும் ஆள் இல்லை. புதுமை இல்லாததால் வடிவமைப்புச் சட்டத்திலும் பதிய முடியாது. ஆகவே படத்தை எடுத்ததில் குற்றம் இல்லை. பெயர்தான் சிக்கல். கோப்போடு அந்தப் பெயர் இறங்கும். எங்கோ பாலியெஸ்டர் துணியில் அச்சாகும். விற்பனைப் பக்கத்தின் தலைப்பிலும் அதுவே ஏறும். பொருள் எந்த ஊரில் உருவானது என்பதில் வாங்குபவரை ஏமாற்றும்படி பெயரைப் பயன்படுத்துவது மீறல் என்கிறது புவிசார் குறியீட்டுச் சட்டம். அந்த ஏமாற்றில் முதல் அடி எடுத்து வைத்தது கருவியில் பெயர் சூட்டியவர். "சுங்குடி பாணிப் புள்ளி, அச்சு வேலைக்கு" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? தேடுபவருக்கும் கிடைக்கும், பொய்யும் இல்லை.

2025 ஜூனில் மிலானில் பிராடா நிறுவனம் கோலாப்பூரி செருப்பின் சாயலில் காலணி காட்டியபோது இதே கேள்வி எழுந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போன பொதுநல மனு ஜூலையில் தள்ளுபடியானது. கோலாப்பூரியின் புவிசார் குறியீட்டுக்குப் பதிவு உரிமையாளர்கள் வந்து வழக்குப் போடட்டும் என்பது நீதிமன்றத்தின் நிலை. சட்டத்தின் கை அங்கே நின்றாலும், சாயல் எங்கிருந்து வந்தது என்பதைப் பிராடா ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு, யாரும் பேசாதது. நம் மாணவி ஒருத்தி அந்தப் புள்ளிகளை வைத்துப் புதிதாக ஒரு சேலை வடிவத்தைத் தானே வரைகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியில் "அச்சிட்டு அனுப்பு" என்ற பட்டன், பக்கத்தில் எத்தனை என்று கேட்கும் கட்டம். அதில் 51 என்று அடிக்கிறாள். பதிப்புரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின் உட்பிரிவு ஒன்று அவளுக்குத் தெரியாது. வடிவமைப்புச் சட்டத்தில் பதியக்கூடியதாக இருந்தும் பதியாத வடிவம், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கப்பட்டால் பதிப்புரிமை அற்றுப்போகும். ரித்திகா நிறுவனம் பிபாமீது தொடுத்த ஆடை வடிவ வழக்கு 2016இல் டில்லியில் இந்தக் கல்லில்தான் தடுக்கி விழுந்தது. விற்பனைக்கு விட்டபின் பதியலாம் என்றாலும் நடக்காது, புதுமை போயிருக்கும். அந்தக் கட்டத்தின் அருகே இரண்டு வரி எச்சரிக்கை போட எந்தக் கருவியாவது முன்வருமா என்று பார்க்கிறேன். பிறர் உரிமையைக் காப்பது மட்டுமா பொறுப்பு? தன்னை நம்பி வரைபவளின் உரிமை கண்முன்னே கரைவதைச் சொல்வதும் அதில் சேர்த்திதானே.

சின்ன விஷயம், ஆனால் கனமானது: படக்கோப்புக்குள் எடுத்தவர் பெயரும் உரிமைக் குறிப்பும் இருக்கும். ஏற்றும்போது அளவைக் குறைப்பதற்காகப் பல கருவிகள் அதைத் துடைத்துவிடுகின்றன. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65பி பிரிவின்படி, தெரிந்தே உரிமைக் குறிப்பை அனுமதியின்றி நீக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை. தெரியாது என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

செயற்கை நுண்ணறிவு பற்றிச் சுருக்கமாக. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது 2024 நவம்பரில் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. லண்டனில் கெட்டி இமேஜஸ் தொடுத்த வழக்கில், இயந்திரம் உருவாக்கிய சில படங்களில் கெட்டியின் நீர்க்குறியே அரைகுறையாகத் தெரிந்தது. 2025 நவம்பர் தீர்ப்பில் அந்த முத்திரை விஷயத்தில் மட்டும் சிறிது வென்றார்கள். எந்தப் படங்களைத் தின்று கற்றது என்று சொல்ல மறுக்கும் இயந்திரத்தைத் தன் கருவியில் பொருத்துபவர், அலமாரியைப் பார்க்காமலே சரக்கை விற்கிறார்.

நண்பர்கள் இருவர் ஓர் அறையில் உட்கார்ந்து கட்டும் கருவிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று மாணவர்கள் கேட்பீர்கள். ஆகும், முதல் நாளே தொடங்கினால். தரவுத்தளத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் படத்துக்கும் செய்தவர் யார், எங்கிருந்து வந்தது, என்ன உரிமம், எப்போது முடியும், அதைச் சேர்த்தது நம்மில் யார் என்று ஐந்து கட்டங்கள். காலியாக இருந்தால் வெளியீடு ஆகாதபடி நிரலில் பூட்டு. இறக்கும் கோப்பிலும் படைப்பாளர் பெயர் போகட்டும். ஆயிரக்கணக்கில் படம் சேர்ந்தபின் இதைச் செய்ய உட்கார்ந்தால், ஒவ்வொன்றின் பூர்வீகத்தையும் தேடுவதைவிட முழு நூலகத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக வாங்குவது மலிவாகப் போகும். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.