குரல் யாருடையது, அட்டையில் முகம் யாருடையது?

(நாகரசம்பட்டியில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே வரும்போது ஒரு தம்பி கேட்டார்: "சாதி ஒழிப்புக் கூட்டத்துல டிஜே பாட்டைப் பத்தி என்னண்ணா பேசப் போறீங்க? அது சும்மா ஆடறதுக்குத்தானே?"

நியாயமான கேள்வி. போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூருக்கும் ஷிப்டு போகிற பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது இந்தப் பாட்டைத்தான். கீழே நிமிடத்துக்கு 120-க்கும் மேல் விழுகிற சீரான அடி. மேலே அழுவதுபோல் ஒரு குரல். கால் ஆடுகிறது, கண்ணும் கலங்குகிறது.

நமக்கு இது புதிதா? சேரியில் சாவு விழுந்தால் ஒரு பக்கம் ஒப்பாரி, இன்னொரு பக்கம் பறை. அழுகிறவரும் ஆடுகிறவரும் ஒரே குடும்பம். அந்தப் பறையைத்தான் சாதித் தொழிலாக நம் தலையில் கட்டினார்கள். ஊர்ச் சாவுக்கு வந்து அடி என்றார்கள். கூலியைப் பிச்சைபோலப் போட்டார்கள். இசை எல்லோருக்கும் வேண்டும், இசைத்தவன் மட்டும் தள்ளி நிற்க வேண்டும். இதுதான் சாதியின் கணக்கு.

இந்தக் கணக்கு கடல் தாண்டியும் உண்டு. அமெரிக்காவின் சிகாகோவில் 1977-இல் 'வேர்ஹவுஸ்' என்ற கிளப் தொடங்கியது. அங்கே ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றினார். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் மக்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள். வெளியே அவமதிக்கப்பட்டவர்கள் உள்ளே மனிதர்களாக ஆடினார்கள். 'ஹவுஸ்' இசைக்குப் பெயர் வந்தது அந்தக் கிளப்பிலிருந்துதான்.

சிகாகோவில் பிறந்த கறுப்பினப் பாடகி லொலியாட்டா ஹாலோவே 1980-இல் 'லவ் சென்சேஷன்' பாடினார். 1989-இல் 'பிளாக் பாக்ஸ்' என்ற இத்தாலியக் குழு அந்தக் குரலை வெட்டி எடுத்து 'ரைட் ஆன் டைம்' என்று வெளியிட்டது. இங்கிலாந்தில் முதலிடம். ஆனால் திரையில் வாயசைத்தது வேறொரு மாடல் பெண். மார்த்தா வாஷ் என்ற கறுப்பினப் பாடகிக்கும் இதே கதைதான். அவர் பாடிய பாட்டுகளுக்கு வேறு பெண்கள் வாயசைத்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். குரல் வேண்டும், உடம்பு வேண்டாம் என்பது நமக்குக் கேட்டுப் பழகிய நீதி இல்லையா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. தீ, அறிவு பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அதை எழுதினார். நிலமற்றவர்களின் ஒப்பாரி, உலகம் ஆடும் பாட்டானது. டிஜே ஸ்நேக் ரீமிக்ஸ் செய்தார்.

அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.இரஞ்சித் உள்ளிட்ட பலர் கேள்வி கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. அறிவுக்கு உரிய இடத்தை எப்போதும் தந்தே வந்திருக்கிறோம் என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் விளக்கம் சொன்னார்கள்.

நான் தீயைக் குறை சொல்லவில்லை. அவர் பாடிய பாட்டு, அவருக்கு முழு உரிமை உண்டு. என் கேள்வி வேறு. பாட்டு பெரிதாகும்போதெல்லாம், அதை எழுதிய தலித் இளைஞனின் முகம்தானே முதலில் விடுபடுகிறது? யாரும் திட்டமிடாமலே அது நடக்கிறது என்றால் அது இன்னும் ஆபத்து. சாதி பழக்கமாகவே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆகவே ஆடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நன்றாக ஆடுங்கள். ஸ்டேட்டஸில் பாட்டு வைத்தால் எழுதியவர், பாடியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். கல்லூரி விழாவுக்குப் பறைக் குழுவை அழைத்தால் பேசிய கூலியை மேடை ஏறும் முன்பே கொடுங்கள். ஒவ்வொருவர் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள். உங்கள் பந்தியிலேயே உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவர் பக்கம் நில்லுங்கள்.

அடுத்த மாதம் நம் ஊரிலேயே ஒரு நிகழ்ச்சி வைக்கலாம் என்கிறீர்கள். நோட்டீஸில் டிஜே பெயர் எந்த அளவு எழுத்தில் வருகிறதோ, பறை அடிக்கிற அண்ணன்களின் பெயரும் அதே அளவில் வரட்டும்.